தலைமடையும் கடைமடையும்

ஆர்க்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் எங்களுக்கு இருந்த முக்கால் ஏக்கர் நன்செய், ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த ஆண்டுகளில்கூட, மதகிலிருந்து கிளம்பிய தண்ணீர் எங்கள் வரப்பை எட்டுவதற்குள் தலைமடைக்காரர்களின் நடவு பச்சை பிடித்திருக்கும். தாத்தா அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக இரவெல்லாம் வாய்க்கால் கரையில் காத்துக் கிடப்பார். மண்ணும் மழையும் விதையும் ஒன்றாகவே இருந்தும் மச்சு வீடு எழுந்தது தலைமடையில்தான். அவர்கள் உழைப்பாளிகள், நாங்கள் சோம்பேறிகள் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஐரோப்பியர்கள் அறிவில் மிஞ்சியவர்கள், அதனால்தான் உலகை ஆண்டார்கள் என்று யாரேனும் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்ப்பேச்சு நினைவுக்கு வருகிறது. கோதுமையும் பார்லியும் வெள்ளாடும் செம்மறியும் மேற்காசியாவில் காட்டினமாகவே கிடைத்தன. அங்கிருந்து கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பகற்பொழுதும் பருவமும் அதிகம் மாறாத நிலங்கள் நீண்டு கிடந்ததால், விதையும் கால்நடையும் எளிதாகப் பரவின. அமெரிக்கக் கண்டமோ வடக்குத் தெற்காக நீண்டது. மெக்சிகோவின் மக்காச்சோளம் வடக்கின் குறுகிய கோடைக்குப் பழக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பொதி சுமந்த லாமா என்னும் விலங்கு மெக்சிகோவுக்குப் போய்ச் சேரவே இல்லை. பழைய மெக்சிகோவில் சக்கரம் வைத்த மண்பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. பொம்மைக்குச் சக்கரம் பூட்டத் தெரிந்தவர்களுக்கு வண்டி இழுக்க ஒரு மாடு இல்லை, அவ்வளவுதான். கால்நடைகளோடு நெருங்கி வாழ்ந்த கண்டங்களில் நெடுங்காலம் புழங்கிய பெரியம்மை, 1520இல் மெக்சிகோவில் போய் இறங்கியபோது, வாளைவிட அதிகமான உயிர்களை அதுவே வாங்கியது.

ஆனால் எல்லாவற்றையும் நிலத்தின் தலையில் கட்டிவிடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பாலாற்றங்கரையில் தோல் தொழில் வேரூன்றியதற்கு தோல் பதனிட உதவும் வறண்ட நிலத்து ஆவாரம் பட்டையும், ஆற்றுப்படுகையின் ஊற்றுநீரும், 1856இலேயே சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை வந்துவிட்ட ரயிலும் காரணங்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் யார் இறங்க வேண்டும், கழிவுநீர் யாருடைய கிணற்றில் போய்ச் சேர வேண்டும் என்பதையும் பாலாறுதான் முடிவு செய்ததா? மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் எங்கள் வேலூர் வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் சென்னைக்கு ரயிலேறியது. தாகத்துக்குத் தண்ணீர் தருவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அதே வாரத்தில் எங்கள் தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன. எங்களுக்கென்று ஒரு ரயில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

தாத்தா அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. ஏரியில் கால்வாசித் தண்ணீரே இருந்த ஓர் ஆண்டில், ஊர் கூடிப் பேசி, கடைமடையிலிருந்து முறை வைத்துப் பாய்ச்சினார்களாம். மதகு இடம் மாறவில்லை, வாய்க்காலும் மாறவில்லை. அந்த ஒரு போகத்தில் எங்கள் களத்தில் நெல் குவிந்தது. மறு ஆண்டு ஏரி நிரம்பியதும், இனி முறை எதற்கு என்று கலைத்துவிட்டார்கள். கலைக்கச் சொன்னவர்கள் யார் என்று தாத்தாவிடம் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.