சுட்டி அசையாவிட்டால் சும்மா இருக்கிறேனாம்

தக்கலையில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிவிட்டால் மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போவது வழக்கம், மணிக்கூலிக்கு நிரல் எழுதும் நான் அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் பணிக்காக எழுதிய கிட் (Git) என்னும், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள், நிரலின் வரலாறு முழுவதையும் நம் கணினியிலேயே வைத்திருப்பதால், இணையமின்றியும் மாற்றங்களைப் பதிவு செய்துகொண்டே போகலாம். ஆனால் வாடிக்கையாளர் நிறுவச் சொன்ன நேரக் கண்காணிப்பு மென்பொருளோ, அடிக்கடி திரையைப் படம்பிடித்து, சுட்டி (மவுஸ்) நகர்ந்ததையும் விசை தட்டியதையும் எண்ணித்தான் மணிக்கூலியைக் கணக்கிடுகிறது. ஒரு பிழையின் மூலத்தைத் தேடித் தாளில் அம்புக்குறி போட்டு யோசித்த நேரமெல்லாம் ‘செயலற்ற நேரம்’ எனச் சிவப்பில் வருகிறது, கூலியிலும் கழித்துவிடுகிறார்கள். பொருளற்ற வரிகளைத் தட்டிக்கொண்டே இருந்திருந்தால் முழுக்கூலி கிடைத்திருக்கும். போதாததற்கு, அன்று என்ன செய்தேன் என்று விளக்க இரவு ஒன்பது மணிக்குக் காணொளிக் கூட்டம் வேறு. அத்தனையும் கிட் பதிவுக் குறிப்புகளில் எழுதித்தான் இருக்கிறது, படிக்கத்தான் அங்கே ஆளில்லை.