கிளிநொச்சி இரணைமடுக் குளம் உடைச்சிட்டுதாம்!

ஆர் போனில அந்த வொய்ஸ் மெசேஜைப் போட்டது? சாமத்தில, "இரணைமடு உடைச்சிட்டுது, உடன வெளிக்கிடுங்கோ" எண்டு மூச்சு வாங்கக் கத்தினது ஆர்?

குளத்துக்குக் கீழ இருக்கிற கண்டாவளைப் பக்கம் அந்த மழைக்குள்ள என்ன நடந்ததெண்டு கேளுங்கோ. சித்தி கைக்குழந்தையோட லான்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின்ர பெட்டியில. கட்டினபடி தண்ணிக்குள்ள சாகக்கூடாதெண்டு பெரியப்பா மாடுகளை அவிட்டு விட்டிட்டார். அம்மம்மா கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு, "2009 இல ஓடினது காணும், இனி ஏலாது" எண்டு அழுகிறா. அவவைத் தூக்கிக்கொண்டு சேத்துக்குள்ளால நடந்து பரந்தன் றோட்டில ஏறினா, ஊரே அங்க நனைஞ்சுகொண்டு நிக்குது. எல்லாற்றை போனிலயும் அதே வொய்ஸ். முதல் ஆர் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணைக்குத் தம்பி அனுப்பினது, தம்பிக்குக் கனடாவில இருந்து மச்சான் அனுப்பினது. குளத்துக்குக் கீழ படுத்திருக்கிற எங்களைக் கேக்காமல் கனடாவில இருந்து குளத்தை உடைக்கிறாங்கள்!

விடியத்தான் தெரிஞ்சுது, வான்கதவு திறந்திருக்கெண்டு. கட்டு உடையக்கூடாதெண்டுதானே கதவைத் திறக்கிறது! திறந்தா கனகராயன் ஆத்தில தண்ணி ஏறும், பள்ளத்துச் சனம் விலக வேணும். 2018 மார்கழியில பட்டனாங்கள், எங்களுக்குத் தெரியும். உடைச்சிட்டுதெண்டு கத்தாமல், எத்தினை கதவு, எத்தினை அடி திறந்திருக்கெண்டு சொல்லுங்கோவன்.

நடக்காமப் போன எச்சரிக்கை எல்லாத்தையும் நான் ஏசேல்லை. 2012 சித்திரை 11இல சுமாத்திராவுக்குப் பக்கத்தில 8.6 அளவில நிலம் நடுங்கினது உண்மை. சுனாமி வரலாமெண்டு இலங்கைக் கரையெல்லாம் எச்சரிச்சவை, அலை வரேல்லை. 2004இல முல்லைத்தீவு பட்ட பாட்டுக்குப் பிறகு அப்பிடிச் சொன்னவனைக் கையெடுத்துக் கும்பிடுவன். இந்த வொய்ஸ் போட்டவன், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117க்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கப் பஞ்சிப்பட்டு ஊரைக் கிளப்பினவன்.

அடுத்தமுறை தான் எழும்பமாட்டன் எண்டு பெரியப்பா சொல்லிப்போட்டார். எனக்குப் பத்தி எரியிறது அதுக்குத்தான். உண்மையா உடைஞ்சா அந்த மனிசனை ஆர் எழுப்பிறது?

அவிட்டு விட்ட மாடுகள் பக்கத்து வயலுக்குள்ள இறங்கிக் கதிர் வெளிவாற பருவத்தில நிண்ட குடலை நெல்லுப் பயிரை மேஞ்சு முடிச்சிட்டுது. வயல்காரன் முத்தத்தில நிண்டு நட்டஈடு கேக்கிறான், கேக்கத்தானே வேணும். உர மானியக் காசு எப்ப வருமெண்டு மாதக்கணக்கா விசாரிக்கிறம், அதுக்கு மட்டும் ஒருத்தனும் ஒரு வொய்ஸ் அனுப்பிறானில்லை!