மாப்பிள்ளை பின்னிய சடை

(தூத்துக்குடியில் ஒரு வீடு. மே மாதம், மாலை நாலு மணி. மாமனார் சாய்வு நாற்காலியில் அயர்ந்து தூங்குகிறார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். நாளைக்கு அவளுக்குப் பிறந்தநாள். சமையலறையில் மாப்பிள்ளை மைதா மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வந்தால் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்துக் காப்பி கொடுப்பதுதான் முறை என்று வளர்ந்த மாமியார் நிலைப்படியில் நிற்கிறார். உள்ளே போகத் தயக்கம், போகாமல் இருக்கவும் முடியவில்லை.)

அத்தை: மாப்பிள்ளை, நான் பிசையட்டுமா? நீங்கள் போய் உட்காருங்களேன்.

மாப்பிள்ளை: இருக்கட்டும் அத்தை. இன்னும் கொஞ்ச நேரம் பிசைந்தால் பதம் வந்துவிடும்.

அத்தை: பரோட்டாவா?

மாப்பிள்ளை: இல்லை. உள்ளே இனிப்பு வைத்து, சடை மாதிரி பின்னி, ஓவனில் சுடுகிற ரொட்டி. அவளுக்குச் சர்ப்ரைஸ்.

அத்தை: தப்பாக நினைக்காதீர்கள், எதற்கு இந்தப் பாடு? நல்ல மக்ரூன் அரை கிலோ வாங்கினால் வேலை முடிந்தது. நம் ஊரே அதற்குத்தான் பேர் போனது.

மாப்பிள்ளை: முந்திரி சரி, சர்க்கரை சரி. ஆனால் மக்ரூன் எழுந்து நிற்பதே முட்டை வெள்ளைக்கருவில்தானே அத்தை. அவள்தான் வீகன் ஆகிவிட்டாளே. முட்டை, பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டாள்.

அத்தை: தேன்?

மாப்பிள்ளை: தேனும் கிடையாது. அது தேனீக்களின் உழைப்பாம்.

அத்தை: என் உழைப்பை மட்டும் இருபத்தாறு வருஷமாக ஒரு கேள்வி கேட்காமல் சாப்பிட்டாள். சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை விடுங்கள். திருநெல்வேலி அல்வா? அது கோதுமைப் பால்தானே?

மாப்பிள்ளை: கோதுமைப் பால் பரவாயில்லை. நெய்?

அத்தை: நெய் இல்லாத அல்வாவைத் தொண்டைக்குள் தள்ள ஆள் வைக்க வேண்டும். அப்போ கோவில்பட்டிக் கடலைமிட்டாய்?

மாப்பிள்ளை: நிலக்கடலை, வெல்லம்... அது ஆகும்!

அத்தை: அப்புறம் என்ன? நாலு பாக்கெட் பிரித்து அடுக்கி, மேலே மெழுகுவர்த்தி குத்திவிடலாம்.

மாப்பிள்ளை: குத்தினால் மெழுகுவர்த்திதான் உடையும் அத்தை.

(அத்தை ஓரடி உள்ளே வருகிறார். மேடையில் டிஜிட்டல் தராசு, அளவுக் கரண்டிகள், சமையல் தெர்மாமீட்டர், நோட்டுப் புத்தகம். சமையலறையா மருந்துக்கடையா என்று அவருக்குச் சந்தேகம்.)

அத்தை: இது என்ன கணக்கு?

மாப்பிள்ளை: மைதா 300 கிராம், சர்க்கரை 40, உப்பு 5, ஈஸ்ட் 5. தேங்காயின் முதல் பால் 180 மில்லி. எண்ணெய் 40.

அத்தை: எண்ணெயைக்கூட நிறுத்தா ஊற்றினீர்கள்?

மாப்பிள்ளை: ஒரு கிராம் கூடிவிட்டது. கரண்டியால் எடுத்துவிட்டேன்.

அத்தை: ரேஷன் கடையில் இப்படி நிறுத்திருந்தால் நான் ஏன் அவனோடு சண்டை போட்டிருக்கப் போகிறேன்? சரி, பால் கூடாது என்றீர்கள். தேங்காய்ப்பால் மட்டும் பால் இல்லையா?

மாப்பிள்ளை: கன்றுக்குட்டியின் பங்கை நாம் எடுக்கக் கூடாது என்பதுதான் அவள் வாதம். தேங்காய்க்குக் கன்று இல்லையே அத்தை.

அத்தை: தென்னங்கன்று என்று சொல்லித்தானே நர்சரியில் விற்கிறார்கள்?

மாப்பிள்ளை: (பிசைவதை நிறுத்திவிட்டு) இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் தேங்காயும் போய்விடும்.

அத்தை: சொல்லமாட்டேன். மகளா, தேங்காயா என்றால் எனக்குத் தேங்காய் வேண்டும்.

மாப்பிள்ளை: முதலில் நான் பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக வருகிற மாவுதான் செய்ய நினைத்தேன். வெண்ணெய்க்குப் பதில் கெட்டித் தேங்காய் எண்ணெயை மாவுக்குள் வைத்து மடித்து மடித்துத் தேய்க்க வேண்டும் என்று வீடியோவில் காட்டினார்கள்.

அத்தை: அந்த வீடியோ எந்த ஊரில் எடுத்தது?

மாப்பிள்ளை: ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

அத்தை: இங்கே மே மாதத்தில் தேங்காய் எண்ணெய் எங்கே கெட்டியாக நிற்கப் போகிறது?

மாப்பிள்ளை: அதேதான். இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் உருகிவிடுகிறது. இந்த அறையில் இப்போது முப்பத்தாறு. மடிக்க ஆரம்பித்ததும் நாலு பக்கமும் வழிந்து ஓடிவிடும். அதனால்தான் ஈஸ்ட் மாவுக்கு மாறினேன்.

அத்தை: ஈஸ்ட் என்றால் அந்தச் சின்னப் பாக்கெட்டில் இருக்கிற கடுகு மாதிரிப் பொடியா? அதுதான் மாவை உப்ப வைக்குமா?

மாப்பிள்ளை: ஆமாம். அதற்கு உயிர் இருக்கிறது. சர்க்கரையைத் தின்றுவிட்டு வாயுவை விடும். அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது.

அத்தை: (நெஞ்சில் கை வைத்து) உயிர் இருக்கிறதா? அதையா ஓவனில் போடப் போகிறீர்கள்?

மாப்பிள்ளை: அது காளான் வகை அத்தை. விலங்கு இல்லை. வீகன் கணக்கில் வராது.

அத்தை: சரி, எத்தனை டிகிரியில் சாகும்?

மாப்பிள்ளை: அறுபது டிகிரி வந்தால் தாங்காது. அதனால்தான் தேங்காய்ப்பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. முப்பத்தெட்டு டிகிரியில் ஊற்றினேன்.

அத்தை: அப்போது பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிவிட்டு, கடைசியில் நூற்றி எண்பதில் போட்டுக் கொல்வீர்கள். இதற்கு அந்தத் தேனீ எவ்வளவோ தேவலை. தேனைக் கொடுத்துவிட்டுப் பறந்தாவது போகும்.

(மாவு ஈரத்துணிக்குக் கீழே போகிறது. வீடியோவில் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். தூத்துக்குடி வெயிலுக்கு அந்த வீடியோவைப் பற்றித் தெரியாது. நாற்பது நிமிஷத்தில் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது.)

அத்தை: மாப்பிள்ளை! மாவு வெளியே வருகிறது!

மாப்பிள்ளை: அதற்குள்ளாகவா? இன்னும் பூரணமே ஆகவில்லையே! டேட்ஸை ஊறவைத்து அரைத்து, கோகோ பவுடர் சேர்த்து...

அத்தை: தப்பாக நினைக்காதீர்கள். கோகோவை அலமாரியில் வையுங்கள். தேங்காய் இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது. கொழுக்கட்டைக்கு வைக்கிற பூரணம்தானே, அதில் எந்த மாடு வந்தது?

மாப்பிள்ளை: ஆமாம், இல்லை!

அத்தை: ஆமாமா, இல்லையா?

மாப்பிள்ளை: மாடு இல்லை. சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

(அத்தை முழுதாக உள்ளே வந்துவிட்டார். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகப்படுகிறது. கருப்பட்டி உடைபடுகிறது. கொஞ்சம் தண்ணீரில் அது கரைந்ததும் வடிகட்டுகிறார். வடிகட்டியின் அடியில் மணலும் ஓலைத் துணுக்கும் நிற்கின்றன. மாப்பிள்ளை தராசை நீட்டுகிறார். அத்தை அதை நகர்த்தி வைத்து, அந்த இடத்தில் தேங்காய்த் துருவலை வைக்கிறார்.)

மாப்பிள்ளை: எவ்வளவு தேங்காய்க்கு எவ்வளவு கருப்பட்டி அத்தை?

அத்தை: பார்த்துப் போட வேண்டியதுதான்.

மாப்பிள்ளை: (நோட்டில் எழுதுகிறார்) பார்த்து... எத்தனை கிராம்?

அத்தை: நன்றாகச் சுருளக் கிண்டணும். கையில் உருட்டினால் உருண்டை நிற்கணும். ஈரம் இருந்தால் பாகு கசிந்து, மாவு நடுவில் வேகாமல் களியாகக் கிடக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள், கிராமை விடுங்கள். ஆமாம், எனக்கு ஒரு சந்தேகம்.

மாப்பிள்ளை: கேளுங்கள்.

அத்தை: கருப்பட்டிக்குப் பதநீர் இறக்குகிற கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தெரியுமா?

மாப்பிள்ளை: தெரியும். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். புளிக்கவைப்பதே நம்முடைய ஈஸ்ட்தான். சுண்ணாம்பு அதை வளரவிடாது.

அத்தை: நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு எதில் செய்வார்கள் என்று தெரியுமா? கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுடுவார்கள். கிளிஞ்சலுக்குள் என்ன இருந்தது?

(அமைதி. அடுப்பில் கருப்பட்டிப் பாகு மட்டும் கொப்புளிக்கிறது.)

மாப்பிள்ளை: அது... அந்தப் பூச்சி எப்போதோ செத்துக் கரை ஒதுங்கியிருக்கும். ஓடு மட்டும்தானே? இப்போதெல்லாம் சுண்ணாம்புக் கல்லாகவும் இருக்கலாம்...

அத்தை: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மாப்பிள்ளை: அவளிடம் கேட்டுவிடலாமா?

அத்தை: பைத்தியமா உங்களுக்கு? கேட்டால் நாளையிலிருந்து கருப்பட்டிக் காப்பியும் போச்சு. நமக்குத் தெரியாது. பனைமரத்துக்கும் தெரியாது. கிண்டுங்கள்.

(அத்தை முதல் தடவையாக ‘தப்பாக நினைக்காதீர்கள்’ சொல்லவில்லை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.)

மாப்பிள்ளை: இப்போது மாவை நீளச் சதுரமாகத் தேய்க்கிறேன். நடுவில் பூரணம். இரண்டு ஓரத்தையும் இரண்டு விரல்கடை அகலத்தில் கோடு கோடாக வெட்டி, இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி மேலே போட்டால் பின்னல்.

அத்தை: இதற்குப் பேர் பின்னலா? பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளை: வீடியோவில் இப்படித்தான்...

அத்தை: பன்னிரண்டு வருஷம் அவளுக்குத் தினமும் காலையில் இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டி, ஏழரை மணி பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் வீடியோ காட்டாதீர்கள். தள்ளுங்கள்.

(மாவை மூன்று பட்டையாக வெட்டுகிறார். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் பூரணம் வைத்து, ஓரங்களை ஒட்டி உருட்ட, மூன்று கயிறுகள் தயார். தலைப்பை ஒன்றாக அழுத்திப் பின்ன ஆரம்பிக்கிறார். கண் மூடித் திறப்பதற்குள் பாதிச் சடை முடிந்துவிட்டது.)

மாப்பிள்ளை: அத்தை, அத்தை! இவ்வளவு இறுக்கக் கூடாது!

அத்தை: இறுக்காவிட்டால் இரண்டாவது பீரியடிலேயே அவிழ்ந்துவிடும்.

மாப்பிள்ளை: இது பள்ளிக்கூடம் போகாது. ஓவனுக்குள் போய் உப்பும். இறுக்கினால் உப்ப இடமில்லாமல் கிழிந்து பூரணம் வெளியே வந்துவிடும். தளர்வாக விட வேண்டும்.

அத்தை: தளர்வாகவா? (கொஞ்ச நேரம் யோசித்து, அவிழ்த்துப் பின்னுகிறார்.) இப்படியா?

மாப்பிள்ளை: இன்னும் கொஞ்சம். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பின்னினால் இரண்டு முனையும் ஒரே மாதிரி வரும் என்று சொல்வார்கள்.

அத்தை: தலையில் அந்த வசதி கிடையாது. அதனால் பழகவில்லை. நீங்கள் பின்னுங்கள், பார்க்கலாம்.

(மாப்பிள்ளை பின்னுகிறார். அத்தை பக்கத்தில் நின்று, ‘வலது நடுவே, இடது நடுவே’ என்று டிரில் மாஸ்டர் மாதிரி சொல்கிறார். முனையை மடித்து அடியில் செருகியாயிற்று. பழக்கதோஷத்தில் அத்தையின் கை ரிப்பன் தேடுகிறது.)

அத்தை: வெளியூரில் இது யார் செய்கிற பண்டம்?

மாப்பிள்ளை: பின்னல் ரொட்டி பல நாட்டில் உண்டு. யூதர்கள் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு ஹல்லா என்று ஒன்று செய்வார்கள். கறியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் முறை. அதனால் அந்த ரொட்டியில் வழக்கமாகப் பால், வெண்ணெய் சேர்ப்பதில்லை. ஆனால் முட்டை உண்டு.

அத்தை: எத்தனையோ தலைமுறையாக நோன்பு நேமம் பார்க்கிறவர்களே முட்டையை விட்டுவைத்திருக்கிறார்கள். என் மகள் ஒரே மாதத்தில் அதையும் முடித்துவிட்டாள்.

மாப்பிள்ளை: மேலே பளபளப்புக்கும் முட்டைதான் தடவுவார்கள். நாம் தேங்காய்ப்பாலில் கொஞ்சம் கருப்பட்டிப் பாகு கலந்து தடவுவோம். இனிப்பு இருப்பதால் நன்றாகச் சிவக்கும்.

(இன்னொரு அரை மணி நேரம் உப்பவிட்டு, தடவி, எள் தூவி, 180 டிகிரியில் வைத்தாயிற்று. சுமார் அரை மணி நேரம் இருவரும் கண்ணாடிக் கதவின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஓர் இடத்தில் சடை வாய் பிளந்து பூரணம் எட்டிப் பார்க்கிறது. அது அத்தை பின்னிய இடமா, மாப்பிள்ளை பின்னிய இடமா என்ற விவாதத்தை இங்கே தவிர்க்கிறோம். ரொட்டி வெளியே வருகிறது. அடியில் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம். நன்றாக வெந்துவிட்டது.)

அத்தை: வாசனை தெருக்கோடி வரை போயிருக்கும். வெட்டுங்கள்.

மாப்பிள்ளை: ஆறட்டும் அத்தை. உள்ளே பாகு கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கைச் சுட்டுவிடும். அதோடு இது நாளைக்கு.

அத்தை: வெந்ததா என்று எப்படித் தெரியும்? தட்டிப் பார்த்தது காதுக்கு. வாய்க்கு?

மாப்பிள்ளை: சரி. ஒரு முனையில் மட்டும் ஒரு துண்டு.

(கால் மணி நேரம் கழித்து ஒரு முனை போகிறது. இருவரும் பேசவில்லை.)

அத்தை: நெய் இல்லாத குறை தெரியவில்லை.

மாப்பிள்ளை: தேங்காய்ப்பால் பார்த்துக்கொண்டது. ஆனால் அத்தை, ஒரு பக்கம் மட்டும் மொட்டையாக இருக்கிறதே. வந்ததும் கண்டுபிடித்துவிடுவாள்.

அத்தை: அந்தப் பக்கமும் ஒரு துண்டு எடுத்தால் சமமாகிவிடும்.

(சமமாகவில்லை. இரண்டாவது துண்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. சரிசெய்ய மறுபடி இந்தப் பக்கம். கூடத்தில் மாமனார் இருமுகிறார். எழுந்தால் தனக்கும் ஒன்று கேட்பார் என்பதால் வேகம் கூடுகிறது. தராசு முதல் தடவையாக அத்தை கைக்கு வருகிறது: இரண்டு பக்கத் துண்டும் ஒரே எடையா என்று பார்ப்பதற்கு.)

மாப்பிள்ளை: அத்தை, போதும்! பின்னலே தெரியவில்லை. இரண்டு முடிச்சுதான் மிச்சம்.

(வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம்.)

அத்தை: பதறாதீர்கள். தட்டில் வைத்து மூடுங்கள். சடைதான் பின்னினோம், நாங்கள் பின்னியது பாப் கட் தலைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வாயைத் துடையுங்கள், எள் ஒட்டியிருக்கிறது.