நிலவில் பாராசூட் உதவாது

"நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதானே, பாராசூட்டை விரித்தால் மெதுவாக இறங்கிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, பாராசூட் விரிந்து நிற்கக் காற்று வேண்டுமே! அங்கே அது இல்லை. நொடிக்குச் சுமார் 1.7 கிலோமீட்டர் வேகத்தில் நிலவைச் சுற்றும் விண்கலத்தை எஞ்சினை எரித்தே அடக்க வேண்டும். பூமியிலிருந்து ஓட்டவும் வழியில்லை; சிக்னல் போய்வரவே இரண்டரை நொடி ஆகும். முடிவெல்லாம் கலத்தின் கையில்.

2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனத்தின் லேண்டர் (தரையிறங்கும் கலம்) ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது, தரை சட்டென்று சுமார் 3 கிலோமீட்டர் கீழே போனது. உயரமானி சரியாகத்தான் காட்டியது. மென்பொருள்தான் அதைக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டது, பாவம். தரைக்கு வந்துவிட்டதாகக் கணக்குப் போட்டபோது கலம் இருந்ததோ 5 கிலோமீட்டர் உயரத்தில். அப்புறம் எரிபொருள் தீர்ந்து விழுந்து நொறுங்கியது.