அக்கவுண்டன்சி எடுக்காதவர்களும் சிஏ படிக்கலாம்

"பிளஸ் டூவில் அக்கவுண்டன்சி எடுக்காவிட்டால் சிஏ கனவை மறந்துவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. எந்தக் குரூப் படித்திருந்தாலும் பிளஸ் டூ தேறியவர்கள் சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். அதையும் தாண்டி, 60 சதவீதத்துடன் பி.எஸ்சி முடித்தவர் ஃபவுண்டேஷன் இல்லாமலே நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம், பி.காம் என்றால் 55 போதும்.

சரி, பிளஸ் டூவில் படிக்கும் அக்கவுண்டன்சி, அதாவது கணக்குப்பதிவியல் பாடத்தால் பயனே இல்லையா? உண்டு. ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் முதலாவதே அக்கவுண்டிங்தான். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் பழகியவருக்கு அது பாதி தெரிந்த பாடம். சயின்ஸ் குரூப் பிள்ளை பற்று எது, வரவு எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் மூன்றாம் தாளில் கணிதமும் புள்ளியியலும் வரும். அங்கே கணிதம் எடுக்காத காமர்ஸ் பிள்ளைகள்தான் திணறுவார்கள்.