கட்ஆஃபை பார்த்து பயந்து கிண்டியை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடாதீங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், எங்க பெரம்பூர் பக்கம் எல்லா வீட்லயும் ஒரே பேச்சுதான், கட்ஆஃப் எவ்ளோ, இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல அண்ணா யுனிவர்சிட்டி கிடைக்குமா. மேத்ஸ் 100க்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மார்க்கை பாதியாக்கி ரெண்டும் 50, 50க்கு, மொத்தம் 200, கணக்கு அவ்ளோதான். ஆனா அந்த நம்பரை மட்டும் வச்சு பிள்ளைங்க மனசை உடைக்காதீங்க. மேத்ஸ் பேப்பர் ஈசியா வந்துட்டா எல்லாருமே மேல ஏறிடுவாங்க, போன வருஷம் சீட் வாங்கிக் குடுத்த அதே கட்ஆஃபுக்கு இந்த வருஷம் ரேங்க் எங்கயோ கீழ போயிடும், கஷ்டமா வந்தா அப்படியே உல்டா. அதனால போன வருஷம் அந்த பிராஞ்ச் எந்த ரேங்க்ல முடிஞ்சுதுன்னு பாருங்க, உங்க கம்யூனிட்டி ரேங்க்கையும் சேர்த்துப் பாருங்க. 31 சதவீத ஓசி சீட் எல்லாருக்கும் பொது, ரேங்க் இருந்தா பிசி, எம்பிசி, எஸ்சி பிள்ளைங்களும் அதுல வருவாங்க, இது தெரியாத வீடு இன்னும் நிறைய இருக்கு. ஆறுலேர்ந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு தனியா இருக்கு, பீஸும் அரசாங்கமே கட்டுது.

எங்க மாடி வீட்டுப் பொண்ணு மேத்ஸ் 96, பிசிக்ஸ் 94, கெமிஸ்ட்ரி 91, கட்ஆஃப் 188.5. பிரவுசிங் சென்டர்ல யாரோ "உனக்கெல்லாம் அது வராதும்மா"ன்னு சொல்லிட்டாங்கன்னு காலேஜ் கோடு 1, 4 ரெண்டையும், அதாவது அண்ணா யுனிவர்சிட்டியோட கிண்டி இன்ஜினியரிங் காலேஜையும் குரோம்பேட்டை எம்ஐடியையும், கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்லேர்ந்தே எடுத்துட்டு வந்து நிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது. எத்தனை சாய்ஸ் வேணா போடலாம், உன் ரேங்க் வரும்போது லிஸ்ட்டை மேலேர்ந்து கீழ பார்த்து காலியா இருக்கற முதல் சீட்டைத்தான் குடுப்பாங்க, மேல பெருசா போட்டதால கீழ இருக்கறது எதுவும் போகாது கண்ணுன்னு சொல்லி திரும்ப போட வச்சேன். அதே கிண்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் முடியற ரேங்க் வேற, மைனிங், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், பிரின்டிங் முடியற ரேங்க் வேற. பிடிச்சிருந்தா அதையும் தைரியமா போடுங்க, கேம்பஸ் பேருக்காக மட்டும் பிடிக்காத பிராஞ்சை மேல தூக்கி வச்சிடாதீங்க, வந்தா நாலு வருஷம் படிக்கப் போறது அவங்கதான்.

சந்தேகம்னா காசு வாங்கற கன்சல்டன்சிகிட்ட ஓடாதீங்க, கவுன்சிலிங்குக்குன்னே இருக்கற உதவி மையம், அந்த டிஎஃப்சி சென்டர்லயே ஃப்ரீயா சொல்லித் தராங்க. அலாட்மென்ட் வந்தப்புறம் அக்செப்ட் அண்ட் அப்வர்ட் குடுத்தா கையில இருக்கற சீட்டும் போகாது, மேல உள்ள சாய்ஸ் காலியானா அதுக்கும் மாத்துவாங்க, ஆனா சொன்ன தேதிக்குள்ள பீஸ் கட்டியாகணும், அதை மட்டும் விட்டுடாதீங்க.