பச்சை மெயில் அனுப்புற சவத்து ஸ்கிரிப்ட்

நாகர்கோவில்ல இருந்து வர்ற பாசஞ்சர் நெய்யாற்றின்கரை தாண்டுறதுக்குள்ள போன்ல மெயில் வந்து விழும். நைட்லி ரன் (ராத்திரி தானா ஓடுற சாஃப்ட்வேர் டெஸ்ட்), ஃபெயில் 0, மேல வாழையிலை கணக்கா ஒரு பச்சைப் பட்டை. கழக்கூட்டத்துல இறங்கி ஒரு கட்டன் சாயாவ வாயில வைக்கதுக்குள்ள அடுத்த போன்: "மக்கா, லாகினே ஆவ மாட்டேங்கு, என்னத்த டெஸ்ட் பண்ணிய?" ராத்திரி நடந்தது இதுதான்: டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்கல, டெஸ்ட் பாதியிலயே செத்துப் போச்சு. டெஸ்ட் முடிவ எண்ணிச் சொல்ற ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் மட்டும் பவுடர் போட்டு பூ வச்சு மெயில அனுப்பிட்டுப் படுத்துட்டு.

டெஸ்ட் ஃபெயில் ஆகுறதுல கோவம் இல்ல, ஃபெயில் ஆகத்தான டெஸ்ட். கோவம் எதுக்குன்னா, இந்த ஸ்கிரிப்டுல எங்க ஓட்டை விழுந்தாலும் தண்ணி பச்சைப் பக்கமாத்தான் ஒழுகுது. லாக் ஃபைல் (டெஸ்ட் ஓடுனதப் பதிஞ்சு வைக்கிறது) இல்லையா, பச்சை. டேட்டாபேஸ் செத்துப் போச்சா, பச்சை. ஒரு டெஸ்ட்கூட ஓடலையா, அதுவும் பச்சை. தெரியலன்னா தெரியலன்னு சொல்லத் தெரியாத ஒண்ண எழுதி வச்சிட்டு அதுக்குப் பேரு ஆட்டோமேஷனாம்.

முதல் குத்தவாளி பைப், ஒரு கமாண்டோட வெளியீட்ட அடுத்த கமாண்டுக்கு ஊத்துற குழாய். பைத்தான் டெஸ்ட்டுகள ஓட்டுற பைடெஸ்ட்ட ஓட்டி, பைப் போட்டு, டீ வழியா லாக்குக்கு அனுப்புற அந்த ஒத்த வரி எல்லா ஸ்கிரிப்டுலயும் உண்டு. சாயாக்கடை டீ இல்ல, ஸ்கிரீனுக்கும் ஃபைலுக்கும் ஒரே நேரத்துல ஊத்துற டீ. அடுத்த வரியில டாலர் கேள்விக்குறிய, அதாவது முந்தின வரி கொடுத்த எக்ஸிட் கோடப் (0ன்னா சரி, வேற எண்ணுன்னா கோளாறு) பாத்து, 0ன்னா பாஸ். லே, அந்த 0 யாரோடது? டீயோடது. பைப்லைன்ல கடைசியா நிக்கிற கமாண்டோட எக்ஸிட் கோட்தான் மொத்த வரிக்கும் எக்ஸிட் கோட். டீ ஃபைல்ல எழுதி முடிச்சாச்சுன்னா 0 கொடுத்துரும், அதோட சோலி தீந்துச்சு. முன்னால பைடெஸ்ட் 1 கொடுத்துதா 3 கொடுத்துதான்னு கேக்க ஆள் இல்ல. பழைய அமரவிளை செக்போஸ்ட்ல அஞ்சு லாரி வரிசையா வந்தா, கடைசி லாரி பில்லை மட்டும் பாத்துட்டு அஞ்சுக்கும் கம்பைத் தூக்குற கதை.

மருந்து ஒரே வரி: செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில். வரிசையில எது தோத்தாலும் மொத்த வரியும் தோத்ததா ஆகும். அது வேண்டாம்னா பாஷ்ல (ஸ்கிரிப்ட ஓட்டுற ஷெல்லுல ஒண்ணு) பைப்ஸ்டேட்டஸ்னு ஒரு அரே இருக்கு, அதுல முதல் எண்ண அடுத்த வரியிலயே ஒரு வேரியபிள்ல பிடிச்சு வைக்கணும். நடுவுல ஒரு எக்கோ (அச்சடிக்கிற கமாண்ட்) போட்டாலும் பழைய எண் போயிரும்.

இதச் சொன்னா வர்ற பதில்தான் ரத்தக் கொதிப்ப ஏத்துது. "அண்ணே, அந்த வரியப் போட்டா இல்லீகல் ஆப்ஷன்னு எர்ரர் வருது, அதான் எடுத்துட்டோம்." எர்ரர் வந்தா ஏன் வந்துதுன்னு பாக்கணுமா, வரியையே எடுக்கணுமா? உபுண்டுல 2006ல வந்த 6.10 பதிப்புல இருந்து எஸ்ஹெச்னு கூப்பிட்டா வர்றது பாஷ் இல்ல, டேஷ்னு வேற ஒரு ஷெல். பழைய டேஷுக்கு பைப்ஃபெயில்னா என்னன்னே தெரியாது. ஷெல்லுக்கெல்லாம் பொது விதியான போசிக்ஸ் ஸ்டாண்டர்டுலயே அது ஏறுனது 2024ல. டெஸ்ட்ட தானா ஓட்டிவிடுற ஜென்கின்ஸ்ல எஸ்ஹெச் ஸ்டெப்புக்குள்ள எழுதுனா முதல் வரியில பாஷ்னு ஷெபாங் (எந்த ஷெல் ஓட்டணும்னு சொல்ற வரி) போடணும். அதுவும் மூணு மேற்கோள் குறியத் திறந்த உடனே ஒட்டிப் போடணும், என்டர் தட்டிட்டு அடுத்த வரியில போட்டா கண்டுக்காது. அதே வேலை செய்யுற கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இன்னொரு கூத்து: ஷெல்லுன்னு ஒண்ணும் குறிப்பிடலன்னா பாஷ் வரும், பைப்ஃபெயில் வராது. ஷெல் பாஷ்னு நீங்களே எழுதினாத்தான் பைப்ஃபெயிலும் சேந்து வரும். ரெண்டும் ஒரே பாஷ், குணம் வேற.

அடுத்தது கிரெப், ஃபைல்ல வார்த்தையத் தேடுற கமாண்ட். லாக்ல ஃபெயில்ங்கிற வார்த்தைய எண்ணி ரிப்போர்ட் போடுறதுன்னு முதல்ல யோசிச்ச புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஃபெயில்ஓவர்னு பேர் வச்ச டெஸ்ட் பாஸ் ஆனாலும் பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காத கிரெப்புக்கு அது ஃபெயில்தான். சில ரன்னர் (டெஸ்ட்ட ஓட்டுற புரோகிராம்) கடைசியில "0 ஃபெயில்டு"ன்னு சுருக்கம் எழுதும், அதையும் ஒரு ஃபெயில்னு எண்ணும். இதெல்லாம் கூட்டிக் காட்டுறது. குறைச்சுக் காட்டுறது பாருங்க: கிரெப் மைனஸ் சி எண்ணுறது வரிகள, வார்த்தைகள இல்ல. ரிசல்ட் எழுதுற எக்ஸ்எம்எல் ஃபைல் நீள நீளமா ஒண்ணுரெண்டு வரியாக் கிடக்குன்னு வைங்க. அதுல இருபது ஃபெயில் இருந்தாலும் கணக்கு ஒண்ணுரெண்டுதான்.

இன்னும் ஒரு அடி கிட்டப் போய்ப் பாப்போம். கிரெப்புக்கு மூணு எக்ஸிட் கோட் உண்டு. கிடைச்சா 0, கிடைக்கலன்னா 1, ஃபைலே திறக்க முடியலன்னா 2. செட் மைனஸ் ஈ (எது தோத்தாலும் அங்கயே நில்லுன்னு சொல்றது) போட்ட ஸ்கிரிப்டுல, ஃபெயில எண்ணி வேரியபிள்ல போடுற வரி இருக்குன்னு வைங்க. ஒரு ஃபெயிலும் இல்லாத நாள்ல கிரெப் 1 கொடுக்கும், ஸ்கிரிப்ட் அந்த இடத்துலயே விழுந்து சாகும். எல்லாம் பாஸான அன்னைக்குத்தான் ரிப்போர்ட் வராது! உடனே யாராவது ஒரு கெட்டிக்காரர் வந்து வரிக் கடைசியில ரெண்டு பைப் போட்டு "எக்கோ 0" சேப்பாரு. கிரெப் ஏற்கெனவே ஒரு 0 அச்சடிச்சாச்சு, எக்கோ இன்னொரு 0 அச்சடிக்கும், வேரியபிளுக்குள்ள ரெண்டு வரியா ரெண்டு சைபர். அத எண்ணா ஒப்பிடப் போனா "இன்டீஜர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்பெக்டட்". அதுகூடப் போகட்டும். லாக் ஃபைலே உருவாகாத நாள்ல கிரெப் ஒண்ணும் அச்சடிக்காம 2 கொடுக்கும், எக்கோ அழகா ஒத்த 0 கொடுக்கும். ஃபெயில் 0. பச்சை. மெயில் போச்சு. "இல்ல"ங்கிறதுக்கும் "பாக்கவே முடியல"ங்கிறதுக்கும் கிரெப் வேற வேற எண் கொடுக்கு, நாமதான் ரெண்டையும் ஒரே கிடங்குல தள்ளுறோம். எண்ணுறதுக்கு முன்னால ஃபைல் இருக்கா, காலியா இல்லாம இருக்கான்னு டெஸ்ட் மைனஸ் எஸ் வச்சு ஒரு வரி பாத்தா என்ன, கை தேஞ்சா போயிரும்?

லூப் போட்டு எண்ணுறவங்க பாடு அதுக்கு மேல. ஃபைல வாசிச்சுக் கொட்டுற கேட் கமாண்ட்ல இருந்து பைப் போட்டு வொயில் ரீடுக்குள்ள ஃபெயில் கணக்க ஏத்திக்கிட்டே போவாங்க. பாஷ்ல பைப்புக்கு வலது பக்கம் ஓடுற லூப் தனி சப்ஷெல், அதாவது தனியாப் பிறந்த குட்டி ஷெல். லூப் முடிஞ்சதும் அது செத்துரும், அதுக்குள்ள எண்ணுனதும் கூடவே போயிரும். வெளிய வந்து எக்கோ பண்ணினா பழைய 0தான். பைப்ப எடுத்துட்டு, டன்னுக்குப் பக்கத்துல ஃபைல ரீடைரக்ட் பண்ணிக் கொடுத்தா போதும். ரெட்டை அடைப்புக்குள்ள ஃபெயில் பிளஸ் பிளஸ்னு எழுதுறவங்களுக்கும் ஒண்ணு: கணக்கு 0ல இருக்கும்போது அந்த வரியோட மதிப்பு 0, அதனால எக்ஸிட் கோட் 1, செட் மைனஸ் ஈ இருந்தா முதல் ஃபெயிலப் பாத்த நிமிஷமே ஸ்கிரிப்ட் அவுட். ஷெல்செக்னு ஒரு டூல் இருக்கு, சப்ஷெல் சங்கதிய வரி எண்ணோட காட்டிக் கொடுக்கும். காசும் கிடையாது. ஓட்டத்தான் ஆள் இல்ல.

சரி, லாக்க விட்டுட்டு எக்ஸ்எம்எல்லுக்கு வந்தாச்சு, நல்லது. பைடெஸ்ட்டுக்கு ஜேயூனிட் எக்ஸ்எம்எல் ஆப்ஷன் கொடுத்தா ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு டெஸ்ட்கேஸ் எழுதி வைக்கும். அங்கயும் பாதிக் கிணறுதான் தாண்டுறோம். ஃபெயிலியர் வேற, எர்ரர் வேற. அசெர்ட் (இது இப்படித்தான் இருக்கணும்னு சொல்ற வரி) பொய்யானா ஃபெயிலியர். டெஸ்ட் தொடங்கும் முன்னாலயே ஃபிக்ஸ்சர் (டெஸ்ட்டுக்கான முன்னேற்பாடு) கவிழ்ந்தா எர்ரர். டேட்டாபேஸ் கிடைக்காத ராத்திரியில எல்லாமே எர்ரர், ஃபெயிலியர் 0. நம்ம ஸ்கிரிப்ட் ஃபெயிலியர மட்டும் எடுத்து மெயில்ல ஒட்டும். தொடக்கத்துல சொன்ன பச்சை மெயில் பெரும்பாலும் இங்க பிறந்ததுதான். டெஸ்ட்சூட்ல (டெஸ்ட்டுகளோட தொகுப்பு) உள்ள எண்ணக் கூட்டுறதுலயும் பள்ளம் இருக்கு: சூட்டுக்குள்ள சூட் எழுதுற ரன்னர்ல அப்பன் கணக்கும் பிள்ளை கணக்கும் சேந்து இரட்டிப்பாகும். எக்ஸ்எம்எல்லிண்ட்ங்கிற டூல்ல எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்குள்ள தேடுற முறை) கொடுத்து, ஃபெயிலியர் உள்ள டெஸ்ட்கேஸ் எத்தனை, எர்ரர் உள்ளது எத்தனை, ஸ்கிப் எத்தனை, மொத்தம் எத்தனைன்னு டெஸ்ட்கேஸையே எண்ணுனா வம்பு இல்ல.

பைடெஸ்ட்டோட எக்ஸிட் கோடையும் ஓர்மை வச்சுக்கிடுங்க: 0 எல்லாம் பாஸ், 1 சிலது ஃபெயில், 2 நடுவுல நிறுத்தினது, 3 உள்ளுக்குள்ள கோளாறு, 4 கமாண்ட் தப்பு, 5 ஒரு டெஸ்ட்டும் அகப்படல. நேரம் தாண்டிப் போய் டைம்அவுட் கமாண்ட் வெட்டிவிட்டா 124. இந்த எண்ண மெயிலோட முதல் வரியில போட ஒரு பிரிண்ட்எஃப் போதும். போட மாட்டாங்க. பை சார்ட் மட்டும் போடுவாங்க.

நேத்தைய எக்ஸ்எம்எல் அப்படியே கிடக்கிறது தனிக் கொடுமை. இன்னைக்கு ரன் விழுந்துட்டு, புது ஃபைல் வரல, ஸ்கிரிப்ட் எல்எஸ் மைனஸ் டி போட்டு இருக்கதுலயே புதுச எடுக்கும். புதுசுன்னா நேத்துது. நேத்து வச்ச மீன்கறின்னா ருசி கூடும், ரிப்போர்ட்டுக்கு அது ஆவுமா? ரன் தொடங்கும் முன்னாலயே ரிசல்ட் ஃபோல்டரக் காலி பண்ணணும். அழிக்கிற வரியில ஃபோல்டர் வேரியபிளுக்குப் பின்னால கோலன் கேள்விக்குறி போட்டு வைங்க, வேரியபிள் காலியா இருந்தா ஸ்கிரிப்ட் அங்கயே நின்னுரும். இல்லன்னா ரூட்டுல இருந்து அழிக்கத் தொடங்கும்.

இப்ப எல்லைக்காரங்களுக்குன்னே உள்ள சங்கதி. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம், ஆந்திராவுக்கும் போற ஆப்னா தெலுங்கும். டெஸ்ட் பேர், எர்ரர் மெசேஜ் எல்லாத்துலயும் மூணு எழுத்தும் வரும். டெர்மினல்ல ஜம்முனு இருக்கும், மெயில்ல போனா கோழி கிண்டுன குப்பை. மெயில் ஹெடர்ல கேரக்டர்செட் யூடிஎஃப்-8ன்னு எழுதாததுதான் காரணம். இந்த மூணு மொழியிலயும் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் மூணு பைட், அத மெயில் புரோகிராம் மூணு லத்தீன் எழுத்தா வாசிக்குது. குப்பையப் பாத்தே மொழியச் சொல்லலாம், கேட்டியளா: மேல கோடு போட்ட சின்ன ஏ-க்குப் பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் வந்தா தமிழ், சாய்ஞ்ச சின்னக் கோடு வந்தா மலையாளம், டிகிரிக் குறி வந்தா தெலுங்கு. எக்செல்ல சிஎஸ்வியத் திறந்து இதே குப்பை வந்தா, ஃபைல் தலையில பிஓஎம்னு மூணு பைட்ட எழுதுங்க, சரியாகும்.

பிரிண்ட்எஃப்ல இருபது இடம் ஒதுக்கிக் கட்டம் கட்டுறவங்க கட்டமும் கோணும், பாஷ் அங்க எண்ணுறது பைட்ட, எழுத்த இல்ல. "உள்நுழைவு"ங்கிற ஒத்த வார்த்தையே அதுக்கு இருபத்தேழு இடம். தமிழ் கலந்த அட்டவணைய ஹெச்டிஎம்எல்ல டேபிளாப் போட்டுட்டுப் போங்க. ஆனா டெம்ப்ளேட்ல எர்ரர் மெசேஜ செட் (முன்னால சொன்ன செட் இல்ல, வார்த்தைய மாத்துற sed கமாண்ட்) வச்சு ஒட்டாதீங்க. மெசேஜுக்குள்ள ஒரு ஸ்லாஷ் இருந்தா கமாண்டே உடையும், ஆம்பர்சண்ட் இருந்தா எந்த வார்த்தைய மாத்தச் சொன்னீங்களோ அதே வார்த்தை திரும்ப வந்து குந்தும்.

குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற கிரான்ல போட்டதும் வர்ற வழக்கமான புலம்பல் "கையால ஓட்டினா ஓடுது". ஓடும். கிரான்ல பாத் (கமாண்ட எங்க தேடணும்ங்கிற பட்டியல்) வேற, மொழியச் சொல்ற லேங் வேரியபிள் இருக்கும்னு நம்ப முடியாது, கிரான்டேப் வரியில சதவீதக் குறி போட்டா அதப் புதுவரின்னு எடுத்துக்கிடும். தேதிய டேட் கமாண்ட்ல வாங்குற வரி அங்க முறியும், முன்னால பேக்ஸ்லாஷ் வேணும். சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா நம்ம நேரம் விடியக்காலம் அஞ்சரைக்கு முன்னால ஓடுற எல்லா ரிப்போர்ட்டுலயும் நேத்தைய தேதி. அப்புறம் "எந்த நாள் ரிப்போர்ட் இது"ன்னு ஒரு மணிநேர மீட்டிங்.

அந்த மீட்டிங் நேரத்துல பாதி போதும், ஸ்கிரிப்ட சோதிச்சுப் பாக்க. வேணும்னே தோக்கிற டெஸ்ட் ஒண்ணு போட்டு ஒரு தடவை ஓட்டுங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்டத் தப்பாக் கொடுத்து ஒரு தடவை. நடுவுல கில் பண்ணி ஒரு தடவை. ஒரு டெஸ்ட்டும் அகப்படாத மாதிரி காலி ஃபோல்டரக் காட்டி ஒரு தடவை. நாலுல ஒண்ணுக்காவது பச்சை மெயில் வந்துச்சுன்னா, கிரான்டேப்ல அந்த வரிக்கு முன்னால ஒரு ஹேஷ் போட்டு அத ஓடாம நிறுத்திட்டு வந்து சாயாவக் குடிங்க. ஆறிப் போச்சு.